இசைச் செல்வர் பால் ரோப்சன்

மக்கட் பிறப்பில் ஏற்றத்தாழ்வு கற்பிக்கும் தீமை நம் நாட்டிற்கே உரியதென்று எண்ணுவோர் உளர். கடல் கடந்த நாடுகளிலும் அது வேறு பெயர் பூண்டு வேரூன்றி நின்றதை வரலாறு காட்டும். ஈண்டுச் சாதி பிரித்தது போல ஆண்டு நிறம் மக்களைப் பிரித்தது. நிறவேற்றுமை மிகக் கொடிதாயிருந்த அமெரிக்க நாட்டில், அடிமையாய்ப் பிறந்த ஒருவருக்கு மகனாய்த் தோன்றி, கல்வியாலும் குரலாலும் நெஞ்சுரத்தாலும் உலகறிந்த புகழ் எய்தியவர் பால் ரோப்சன் என்பார். அவர்தம் வாழ்க்கையை நம் சங்கத்து அன்பர்கட்கும், சிறப்பாக இளைஞர்க்கும் மகளிர்க்கும், எடுத்துரைக்க விழைகின்றோம். 'ஷோ போட்' என்னும் இசை நாடகத்தில் வரும் ஆற்றுப் பாட்டொன்று அவர் பெயரோடு பிரியாது நிற்பது. அப்பாட்டு அவருக்கு வாய்த்த வரலாற்றையும், அதனை அவர் தமதாக்கிக்கொண்ட திறத்தையும் அறிந்தால், அவர் வாழ்வின் உட்பொருளையே அறிந்தவராவோம்.

பிறப்பும் இளமையும்

ரோப்சன் 1898-ஆம் ஆண்டு ஏப்ரல் 9-ஆம் நாள் நியூ ஜெர்சி மாகாணத்துப் பிரின்ஸ்டன் நகரில் பிறந்தார். தந்தையார் வில்லியம் ரோப்சன் வட கரோலினாவில் ஒரு தோட்டத்தில் அடிமையாய்ப் பிறந்து, பதினைந்தாம் அகவையில் அங்கிருந்து தப்பி வடதிசை சென்றவர். பின்னர்த் தாமே முயன்று கற்றுத் தேர்ந்து, கிறித்துவ ஆலயமொன்றின் போதகரானவர். தாயார் மரியா லூயிசா ஆசிரியத் தொழில் செய்தவர்.

பால் சிறு குழந்தையாயிருந்த காலத்தில், ஆலய ஆட்சியாளரோடு ஏற்பட்ட மாறுபாட்டால் தந்தையார் போதகர் பதவியை இழந்தார். நேற்றுவரை ஆலய மேடையில் நின்று அறவுரை கூறியவர், அதே ஊர்த் தெருக்களில் வண்டியோட்டிப் பிறர் வீட்டு அடுப்புச் சாம்பலை அள்ளிச் செல்லும் நிலை வந்தது. 1904-இல் தாயார் அடுப்புத் தீ ஆடையிற் பற்றியதால் உயிர் துறந்தார். அப்பொழுது பாலுக்கு ஆறு வயதும் நிரம்பவில்லை. இத்துணைத் துன்பம் அடுக்கி வந்தபோதும் தந்தையார் தம் நிலையை நொந்து பேசியதை மக்கள் ஒருநாளும் கேட்டிலர். மக்களின் கல்வி ஒன்றிலேயே அவர் கண்ணாயிருந்தார். முழு மதிப்பெண் பெறக்கூடிய இடத்தில் குறைந்த மதிப்பெண்ணோடு மனநிறைவு கொள்ளுதல் ஆகாதென்பது அவர் கொள்கை. பின்னர் வேறொரு திருச்சபையில் மீண்டும் போதகரானார்.

கல்லூரி வாழ்க்கை

மாகாண அளவில் நடந்த தேர்வில் வென்று, உதவித்தொகை பெற்று, 1915-இல் ரோப்சன் ரட்கர்ஸ் கல்லூரியிற் சேர்ந்தார். அந்நாளில் அக்கல்லூரி முழுதும் கறுப்பின மாணவர் அவர் ஒருவரே. பந்தைக் கையிலேந்தி மோதி ஓடும் அமெரிக்க வகைக் கால்பந்தாட்டத்தில் அவருக்குப் பெருவிருப்பம் உண்டு. ஆடுகளம் புக்க முதல்நாளே, தம் அணியினரான வெள்ளை மாணவர் அவர்மேல் வேண்டுமென்றே பாய்ந்து மூக்கை உடைத்தனர். தோளைப் பிசகச் செய்தனர். பிறிதொரு நாள் ஒருவன் ஆணி தைத்த காலணியால் அவர் கையை மிதித்து நகங்களைப் பெயர்த்தான். கல்லூரியையே விட்டுவிடலாமா என்ற எண்ணமும் அவர்க்கு எழுந்தது. ஆயினும், நீ உனக்காக மட்டும் அங்கு நிற்கவில்லை, உன் பின்னே வரவிருக்கும் பிள்ளைகள் எல்லார்க்குமாக நிற்கின்றாய் என்று தந்தையார் அறிவுறுத்தியதை எண்ணி மீண்டும் களம் புகுந்தார். ஈற்றில் அவ்வணியினரே அவரை மதித்து ஏற்றனர். 1916-இல் தென்னாட்டுக் கல்லூரியொன்று கறுப்பர் ஆடும் அணியோடு ஆடமாட்டோம் என்று கூற, அவர் அன்று ஒதுக்கி வைக்கப்பட்டதும் உண்டு. எனினும் 1917, 1918 ஆகிய ஈராண்டுகளிலும் அமெரிக்க நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரர் வரிசையில் அவர் பெயர் இடம்பெற்றது.

விளையாட்டில் வல்லவர் படிப்பிற் பின்தங்குவர் என்று நம்மிடையே ஒரு பேச்சு உண்டு. ரோப்சன் அதனைப் பொய்யாக்கினார். நால்வகை விளையாட்டுக்களிலும் கல்லூரியின் சார்பில் ஆடிய அவரே, 1919-இல் வகுப்பின் சார்பில் விடைபெறும் உரை நிகழ்த்தும் சிறப்பையும் பெற்றார். அவ்வுரையைக் கேட்கத் தந்தையார் இல்லை; 1918-இலேயே அவர் மறைந்துவிட்டார்.

பின்னர் நியூயார்க்கில் கொலம்பியா சட்டக் கல்லூரியிற் பயின்று 1923-இல் பட்டம் பெற்றார். இதனிடையே 1921-இல் எஸ்லாண்டா என்னும் கற்றறிந்த நங்கையை மணந்தார். ரோப்சனின் கலைவாழ்வைத் திட்டமிட்டு நடத்திய அறிவு அவ்வம்மையாருடையதே. சட்டம் பயின்றவர் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்திற் பணி ஏற்றார். அங்கே சுருக்கெழுத்து எழுதும் வெள்ளைப்பெண் ஒருத்தி, கறுப்பர் சொல்ல எழுதமாட்டேன் என மறுத்தாள். அன்றே அப்பணி துறந்தார். அன்று அந்தப் பெண் எழுதியிருந்தால் உலகம் ஒரு வழக்கறிஞரைப் பெற்று ஒரு பெரும்பாடகரை இழந்திருக்கும் போலும்!

அரங்கேற்றம்

1924-இல் யூஜீன் ஓநீல் என்னும் நாடகாசிரியரின் இரு நாடகங்களில் தலைமை வேடம் தாங்கி ரோப்சன் பெயர் பெற்றார். 1925-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் லாரன்ஸ் பிரவுன் பியானோ இசைக்க, நியூயார்க்கில் ஓர் இசையரங்கு நிகழ்த்தினார். அவ்வரங்கில் அவர் பாடியவை அனைத்தும் கறுப்பின மக்களின் பாடல்களே. தம் முன்னோர் தோட்டங்களிற் கண்ணீரோடு பாடிய பத்திப் பாடல்களை, ஐரோப்பியப் பேரிசையோடு ஒப்ப மதித்து அரங்கில் ஏற்றினார். மந்தர தாயியில் இயங்கும் அவர் குரல் ஆழமும் கனிவும் ஒருங்கே உடையது. தம்மவர் பாடல்களைப் பிறர்முன் பாட நாணிய கறுப்பர் பலரும் அன்றுமுதல் நாணம் நீங்கினர்.

நாடகப் படகு

இனி அவ்விசை நாடகத்தின் வரலாற்றைக் கூறுவாம். எட்னா பெர்பர் என்னும் அம்மையார் 1926-இல் 'ஷோ போட்' என்றொரு புதினம் எழுதினார். நாடகப் படகு என்பது அதன் பொருள். மிசிசிப்பி ஆற்றில் ஊர் ஊராகச் சென்று கரையோர மக்களுக்கு நாடகம் ஆடிக்காட்டும் படகொன்றில் வாழும் மாந்தரின் கதை அது. அக்கதைக்கு ஜெரோம் கெர்ன் இசையமைக்க, ஆஸ்கர் ஹாமர்ஸ்டைன் உரையும் பாடலும் எழுத, சீக்பெல்டு என்பார் 1927-ஆம் ஆண்டு டிசம்பர் 27-ஆம் நாள் நியூயார்க்கில் அரங்கேற்றினார். 572 முறை அது நடிக்கப்பெற்றது. அதற்குமுன் அந்நாட்டு இசை நாடகங்கள் பெரும்பாலும் ஆடலும் பாடலும் நகையுமாய் அமைந்து, கதை பெயரளவிற்கே நின்றன. நிறவேற்றுமை போன்ற கனத்த பொருளை இசை நாடகத்திற் புகுத்தியது இந்நாடகத்தின் தனிச்சிறப்பு.

அதில் ஜூலி என்னும் நடிகையின் கதை நெஞ்சை உருக்குவது. காண வெள்ளையாயினும் கறுப்பர் குருதி சிறிது கலந்தவள் அவள். வெள்ளையர் அத்தகையாரை மணத்தல் அம்மாகாணத்திற் சட்டப்படி குற்றம். காவல் தலைவன் வருவதை அறிந்த அவள் கணவன், அவள் விரலைக் கத்தியாற் கீறி அக்குருதியைத் தான் உறிஞ்சி, இப்பொழுது தன் உடலிலும் கறுப்பர் குருதி உண்டென்று சான்று காட்டுகின்றான். சிறை தப்பினும் அவ்விருவரும் படகைவிட்டு நீங்க நேர்கின்றது. ஒருதுளிக் குருதியால் மக்களைத் தரம்பிரிக்கும் சட்டத்தின் பேதைமையை இதனினும் தெளிவாகக் காட்டல் அரிது.

படகுத்துறையில் மூட்டை சுமக்கும் ஜோ என்னும் கறுப்பனே ஆற்றுப் பாட்டைப் பாடுபவன். மனிதர் துன்பம் எதனையும் பொருட்படுத்தாது ஆறு தன்போக்கில் ஓடுகின்றது என்பது அதன் கருத்து. இவ்வேடத்தை ரோப்சனையே மனத்துட்கொண்டு ஆசிரியர்கள் படைத்தனர். ஆயினும் அரங்கேற்றம் காலந்தாழ்ந்தமையால் நியூயார்க்கில் அவர் நடிக்க இயலவில்லை. ஜூல்ஸ் பிளெட்சோ என்பவர் நடித்தார். 1928-ஆம் ஆண்டு மே திங்களில் லண்டன் துரூரி லேன் அரங்கில் ரோப்சன் முதன்முதல் ஜோவாக நின்று அப்பாட்டைப் பாடினார். லண்டன் மாநகரமே அவர்வயப்பட்டது. 1932-இல் நியூயார்க்கில் மீண்டும் அந்நாடகம் நிகழ்ந்தபோதும் அவரே பாடினார்.

இதில் மற்றொரு செய்தியும் கருதற்பாலது. நியூயார்க் அரங்கேற்றத்தில் ஜோவின் மனைவியாகிய கறுப்பின மாதின் வேடத்தை, முகத்திற் கருமை பூசிக்கொண்ட வெள்ளைப்பெண் ஒருவரே நடித்தார். கறுப்பர் வாழ்வைக் காட்டும் நாடகத்திலும் கறுப்பர்க்கு இடம் முழுதும் திறக்கவில்லை.

திரையில் வந்த மூன்று வடிவங்கள்

இந்நாடகக் கதை மும்முறை திரைப்படமாயிற்று. 1929-இல் வந்த முதற்படம் ஊமைப்படமாகத் தொடங்கிப் பேசும்படம் பரவியமையால் ஓரளவு ஒலி சேர்க்கப்பெற்றது. 1936-இல் ஜேம்ஸ் வேல் இயக்கிய இரண்டாம் படமே ரோப்சன் நடித்தது. ஐரீன் டன், ஆலன் ஜோன்ஸ் ஆகியோர் காதலராகவும், மேடையில் ஜூலியாக நடித்த ஹெலன் மார்கன் அதே வேடத்திலும் தோன்றினர். ஜோவின் மனைவியாக நடித்த ஹாட்டி மக்டானியல் அம்மையார், பின்பு வேறொரு படத்திற்காக 1940-இல் ஆஸ்கர் பரிசு பெற்றார். அப்பரிசு பெற்ற கறுப்பினத்தாருள் முதல்வர் அவரே. அந்தப் பரிசு விருந்திலும் அவருக்குத் தனி மேசையே கிடைத்தது.

1936-ஆம் ஆண்டுப் படத்தில் ரோப்சன் ஆற்றங்கரையில் அமர்ந்து பாட, படக்கருவி அவரைச் சுற்றிச் சென்று முகத்தை அணுகுகின்றது. பாட்டினூடே மூட்டை சுமப்போரின் வளைந்த முதுகுகளும் சிறைக்கம்பிகளும் காட்டப்பெறுகின்றன. சில நிமிடமே நிகழும் அக்காட்சியால் அப்படம் இன்றும் போற்றப்படுகின்றது. பிறிதொரு படநிறுவனம் அக்கதையின் உரிமையை வாங்கிப் புதுப்படம் எடுக்கக் கருதியதால், இப்படம் பல்லாண்டு பொதுமக்கள் கண்ணிற் படாது மறைந்திருந்தது. 1996-இல் அமெரிக்க அரசு காக்கத்தக்க படங்களின் தொகுதியில் இதனைச் சேர்த்தது.

1951-இல் வண்ணப்படமாக மூன்றாவது வந்தது. வில்லியம் வார்பீல்டு அதில் ஜோவாகப் பாடிப் பாராட்டுப் பெற்றார். ஆயினும் ஜூலி வேடத்தை விரும்பிய லீனா ஹார்ன் என்னும் கறுப்பினப் பாடகிக்கு அது கிட்டவில்லை. ஏவா கார்டனர் என்னும் வெள்ளை நடிகைக்கே கொடுக்கப்பட்டது. அவர் பாடிய பாடல்களும் நீக்கப்பெற்று, வேறொருவர் குரலே படத்தில் ஒலித்தது. கலப்புக் குருதியால் இடமிழந்த பெண்ணின் வேடத்திலும் கறுப்பினப் பெண்ணுக்கு இடம் இல்லையாயிற்று!

பாட்டை மாற்றியமை

ரோப்சன் இந்நாடகத்தால் புகழ் பெற்றார், பழியும் பெற்றார். சோம்பலும் அடக்கமும் உடைய ஜோ என்னும் வேடம் தம் இனத்தை இழிவு செய்வதென்று கறுப்பர் இதழ்களே அவரைக் கண்டித்தன. பாட்டில் கறுப்பரை இழித்துரைக்கும் சொல்லொன்று இருந்தது; தொடக்கத்தில் அவரும் அதனைப் பாடினார். 1935-இல் அவர் ஆப்பிரிக்கத் தலைவனாக நடித்த ஆங்கிலப் படமொன்று, முடிவில் வெள்ளையர் ஆட்சியைப் போற்றும் படமாக அமைந்தது கண்டு மிக வருந்தினார். பிறர் எழுதித் தரும் வேடத்தை அப்படியே ஏற்பது எத்துணைத் தீங்கு விளைக்கும் என்பதை அவர் தம் அனுபவத்தால் உணர்ந்தார்.

1930-களின் பிற்பகுதியில் அவர் ஆற்றுப் பாட்டின் சொற்களையே மாற்றலானார். இழிசொல் நீங்கிற்று. குடிமயக்கத்தாற் சிறைபுகுவதாகக் கூறிய இடத்தில், சிறிது துணிவு காட்டினாற் சிறை கிடைக்கும் என்னும் கருத்தை வைத்தார். முடிவில் சலிப்பும் அச்சமும் இருந்த இடத்தில், இறுதி மூச்சுவரை போராடும் உறுதியை வைத்தார். பாட்டின் இசை மாறவில்லை; ஆறும் மாறவில்லை; பாடுபவனே மாறினான்.

பிறர் செய்யுளிற் சொல் மாற்றுதல் குற்றம் என்பது நம் புலவர் மரபு. பாடபேதம் செய்வாரை யாமும் வகுப்பிற் கடிவதுண்டு. பாட்டெழுதிய ஹாமர்ஸ்டைனும் இம்மாற்றத்தை ஒப்பவில்லை. ஆயினும், அடிமையின் மகன் வாயில் அடங்கியிருப்பதற்கான சொற்களைப் பிறர் வைத்தபோது, அவற்றை எடுத்துவிட்டுத் தம் நெஞ்சறிந்த உண்மையை வைத்தது குற்றமாகாது என்றே துணிகின்றோம்.

பிறர்க்காகவும் நின்றமை

ரோப்சன் தம் இனத்தாரின் துன்பத்தோடு நின்றுவிட்டாரல்லர். வேலையிழந்து லண்டன் தெருக்களிற் பாடிச்சென்ற வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளரைக் கண்டு அவரோடு தாமும் பாடிச் சென்றார். அவர்கள் வெள்ளையரே, எனினும் வறுமைக்கு நிறமில்லை என்பதை அவர் அறிந்தார். அத்தொழிலாளரின் வாழ்வைக் காட்டும் 'தி பிரௌட் வேலி' என்னும் படத்தில் 1940-இல் நடித்தார். 1938-இல் ஸ்பெயின் நாட்டுப் போர்க்களம் சென்று குடியரசுப் படையினர்க்குப் பாடினார். அவ்வாண்டே லண்டனில் நேரு பெருமகனாரை வரவேற்ற கூட்டத்திலும் கலந்துகொண்டு இந்திய விடுதலைக்குத் துணைநின்றார்.

நாடகத்திலும் அவர் புகழ் உச்சமெய்தியது. 1930-இல் லண்டனில் ஒதெல்லோவாக நடித்தவர், 1943-இல் நியூயார்க்கில் அதே வேடம் தாங்கினார். 296 முறை தொடர்ந்து நடந்தது அந்நாடகம். ஷேக்ஸ்பியர் நாடகம் எதுவும் பிராட்வேயில் அதற்குமுன் அத்துணைநாள் நடந்ததில்லை.

சோதனைக் காலம்

போர் முடிந்தபின் அமெரிக்காவில் பொதுவுடைமை அச்சம் பெருகிற்று. ரோப்சன் சோவியத்து நாட்டை நண்பனாகக் கருதினார். ஆண்டு நிறவேற்றுமையின்றித் தம்மை மனிதராக நடத்தினர் என்பதே அதற்குப் பெருங்காரணம். ஸ்டாலின் ஆட்சியில் நிகழ்ந்த கொடுமைகளைப் பற்றி அவர் வெளிப்படக் கண்டிக்கவில்லை. அது குறையே என்பதை மறைத்தற்கில்லை. ஆயினும் அவர்மேல் வந்த தண்டனை அக்குறைக்காக வந்ததன்று. தம் நாட்டில் கறுப்பர் படும் துன்பத்தை உலக மேடையில் எடுத்துரைத்தமையே ஆட்சியாளரைப் பெரிதும் சினமூட்டியது. 1949-இல் பீக்ஸ்கில் என்னும் ஊரில் அவர் இசையரங்கிற்கு வந்தோரைக் கும்பலொன்று கல்லெறிந்து தாக்கியது. 1950-இல் அரசு அவர் கடவுச்சீட்டைப் பறித்தது. உள்நாட்டு அரங்குகளும் அவருக்குக் கதவடைத்தன. ஆண்டுக்கு இலட்சம் டாலர் ஈட்டியவர் வருவாய் சில ஆயிரமாகச் சுருங்கிற்று. சிறந்த ஆட்டக்காரர் பட்டியலிலிருந்தும் அவர் பெயரை விடுத்து நூல் வெளியிட்டனர்.

ஒரு சொல் மாற்றிக் கூறியிருந்தால், ஒரு தாளிற் கையொப்பமிட்டிருந்தால், இழந்தவை மீண்டிருக்கும். பாட்டில் சொல்லை மாற்றத் தயங்காதவர் தம் சொல்லை மாற்ற உடன்படவில்லை. 1952-இல் கனடா எல்லையில் நிறுத்திய பாரவண்டியின் மேலேறி நின்று, எல்லைக்கு இருபுறமும் திரண்ட பல்லாயிரவர் கேட்கப் பாடினார். 1957-இல் வேல்ஸ் தொழிலாளர் தம் இசைவிழாவிற்கு அவரை அழைத்தனர். செல்ல இயலாமையால், கடலடித் தொலைபேசிக் கம்பி வழியே நியூயார்க்கிலிருந்து பாடினார். அவ்விழாவினர் எதிர்ப்பாட்டுப் பாடினர். ஆட்சியாளரால் அவர் உடலைத் தடுக்க முடிந்தது; குரலைத் தடுக்க முடியவில்லை.

1958-இல் வேறொருவர் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பால் கடவுச்சீட்டு மீண்டது. அவ்வாண்டு அவரது அறுபதாம் பிறந்தநாளை நம் இந்திய நாட்டிலும், நேரு பெருமகனாரின் ஆதரவோடு, கொண்டாடினர். நியூயார்க்கிற் பயின்ற அசாமியப் பாடகர் பூபேன் ஹசாரிகா ரோப்சனோடு பழகி, அந்த ஆற்றுப் பாட்டைத் தழுவிப் பிரமபுத்திரை நாட்டு மொழியில் ஒரு பாட்டு இயற்றினார். மிசிசிப்பியின் துயரம் நம் நாட்டு ஆற்றின் துயரமாகவும் ஒலித்தது.

பின்னர் ரோப்சன் உடல்நலமும் உளநலமும் குன்றினார். 1963-இல் தாயகம் மீண்டார். 1965-இல் மனைவியாரை இழந்தார். பிலடெல்பியாவில் தமக்கையார் இல்லத்தில் அமைதியாய் வாழ்ந்து, 1976-ஆம் ஆண்டு ஜனவரி 23-ஆம் நாள் எழுபத்தேழாம் அகவையில் மறைந்தார்.

நாம் கொள்ளத்தக்கவை

அன்பர்காள்! இவ்வரலாற்றைப் படித்து வியந்து ஏட்டை மூடிவிடுதல் போதாது. வறுமையுற்ற தந்தை மகனின் கல்வியைக் கைவிடவில்லை. நம் வீடுகளில் திருமணத்திற்கும் சடங்கிற்கும் கடன் வாங்குவோர், பிள்ளையின் படிப்பிற்கு, அதிலும் பெண்ணின் படிப்பிற்கு, கணக்குப் பார்ப்பது தகுமா? ஒவ்வொரு பெற்றோரும் தம்மைத் தாமே வினவிக்கொள்க.

பிறிதொன்று கூறுவது சிலர்க்குக் கசக்கலாம்; ஆயினும் கூறாது விடுதல் ஆசிரியத் தொழிற்கு அழகன்று. நம்மை மேலோர் என்பார் தாழ்த்தினர் என்று கூட்டந்தோறும் நாம் முறையிடுகின்றோம். அம்முறையீடு நேரியதே. ஆனால் நம் ஊர்க் கடைசித் தெருவில் வாழ்வாரை நாம் எவ்வாறு நடத்துகின்றோம்? அவர் பிள்ளை நம் பிள்ளையோடு ஓரிலையில் உண்ண, ஒரு திண்ணையில் அமர்ந்து பாடம் படிக்க, நம் மனம் ஒப்புகின்றதா? மேலே நோக்கி நீதி கேட்டுக் கீழே நோக்கி அதனை மறுப்போமாயின், சங்கம் கண்டதன் பயன் யாது? தம் இனத்திற்கு உரிமை கேட்ட வாயாலேயே வேல்ஸ் தொழிலாளர்க்கும் இந்தியர்க்கும் உரிமை கேட்டார் ரோப்சன். அதனாலேயே அவர் ஓரினத்தின் தலைவராகாது உலகத்தார் அனைவர்க்கும் உரியவரானார்.

வழிவழியாக நம் காதில் ஓதப்பட்ட தாழ்வுச் சொற்களும் உயர்வுச் சொற்களும் பல. அவற்றை அப்படியே பாடிக்கொண்டிராது, மாற்றிப் பாடும் துணிவு நம் இளைஞர்க்கு வாய்ப்பதாக! வாழ்க ரோப்சன் புகழ்!